சேவ் பக்கத்தில் டெலிட்

என் தவறுக்கான பழியை நஞ்சப்பா மீது போட்டேன். தெரிந்தேதான் போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். மத்திகிரியிலிருந்து வரும் நஞ்சப்பா பல வருடம் லேத் மெஷினில் நின்று இடுப்பு போனவர். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் வெளியே போகும் சரக்கைக் கம்ப்யூட்டரில் பதிகிற டிஸ்பாட்ச் என்ட்ரியை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கான சாஃப்ட்வேர் நான் எழுதியது.

எல்லா விவரமும் ஒரே ஸ்கிரீனில் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகப் பட்டன்களைச் சுருக்கினேன். சேவ் பக்கத்திலேயே டெலிட். மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில், அந்தக் கால மவுஸின் அடியில் இருக்கும் உருண்டையில் எண்ணெயும் தூசியும் ஏறும். அம்புக்குறி வழுக்கி ஓடும். ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

“இது பட்டனா, எறும்பா சாரே?” என்று முதல் வாரமே கேட்டார்.

“கண்ணாடி போடுங்கண்ணா.”

“போட்டா மவுஸு நிக்குமா? கொஞ்சம் பெருசா வையுங்க. ஸ்கிரீன்ல இடத்துக்கு வாடகையா குடுக்கறீங்க?”

சிரித்தேன். மாற்றவில்லை.

ஒருநாள் சேவ் அழுத்தப் போன நஞ்சப்பா டெலிட்டை அழுத்திவிட்டார். அந்த ஷிஃப்டின் விவரம் முழுக்கப் போய்விட்டது. பில் எடுக்க முடியாமல், லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நின்றது. மேனேஜர் ஓடி வந்தார்.

“சாஃப்ட்வேர் கோளாறா, ஆள் கோளாறா? சொல்லுய்யா!”

“ஆபரேட்டர் மிஸ்டேக் சார்.”

நஞ்சப்பா என்னை ஒருமுறை பார்த்தார். மறுநாள் அவரை லேத்துக்கே அனுப்பிவிட்டார்கள். மெஷினில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து நிற்பார். அந்த வழியாகப் போவதையே தவிர்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து ஸ்கிரீனை இரண்டாகப் பிரித்தேன். சேவ் பட்டனை அகலமாக்கினேன். டெலிட்டை எதிர்மூலைக்குத் தள்ளி, அழிக்கும் முன் ‘அழிக்கவா?’ என்று ஒருமுறை கேட்க வைத்தேன். மவுஸ் வழுக்கினாலும் அம்புக்குறி பட்டனுக்குள்ளேயே நின்றது. பிறகு மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?” என்று திட்டிவிட்டு, நஞ்சப்பாவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நானே போனேன்.

“வேணாம் சாரே. இடுப்பு வலி படுத்தா போயிடும். அங்க உக்காந்தா, தப்பு பண்ணவன்னு நாலு பேரு பாக்கறது போவாது.”

நான் தனியாகத் திரும்பினேன். சில மாதத்தில் அவர் வேலையை விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்கள் கையுறையோடே அந்த ஸ்கிரீனில் வேலை செய்தார்கள். யார் கையிலும் எதுவும் அழியவில்லை. அதன் பிறகு எந்த ஸ்கிரீன் எழுதினாலும், எண்ணெய் ஏறிய மவுஸை வைத்து நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.

நஞ்சப்பா ஒரே ஒரு தடவை வந்து உட்கார்ந்து, அந்தப் பெரிய பட்டனை அழுத்தி, என்னை நாலு வார்த்தை கிண்டல் செய்திருக்கலாம். மனம் இன்னும் அதற்குத்தான் ஏங்குகிறது.