ஒரு வீட்டுக்கு ஓர் ஆள்

கடலை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதுவும் ஐந்து வயதில், திருவிழாக் கூட்டத்தில், மாமா தோள்மேல் உட்கார்ந்துகொண்டு. அப்பேர்ப்பட்ட நான், கடல் ஜந்துக்களை ஆராயப் போகிறேன் என்று எங்கள் ஊர் கள்ளிக்குப்பம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய சித்திரை மாதம் அது. பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பிராணி சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன். தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தை ஒட்டி ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கோடை விடுமுறையில் ஆறு வாரம் அங்கே தங்கி வேலை கற்றுக்கொள்ள எங்கள் வகுப்பிலிருந்து ஒருவனை மட்டும் அனுப்புவார்கள். அந்த ஒருவன் நான்.

போய் ஒழுங்காக வேலை செய்தால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும். போகாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. அந்த அடுத்தவன் எனக்குப் பின்னால் கொக்கு மாதிரி காத்துக்கொண்டிருந்தான். "ஊரில் ஏதாவது தடங்கல் உண்டா?" என்று தினமும் அக்கறையாக விசாரிப்பான். விளங்காதவன்.

பேராசிரியர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பாறைகளில் நடக்க ரப்பர் அடி போட்ட கான்வாஸ் ஜோடு, முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை இரண்டு, அகல வாய் கண்ணாடிப் புட்டிகள், சாமணம், கெட்டிப் பென்சில், கொசு வலை. பட்டியலை வாங்கிய அன்றே அம்பத்தூர் தையற்காரரிடம் ஓடினேன். கால்சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் பேர்வழி என்று அதோடேயே வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் ஒருவர் மாட்டை நிறுத்தி, "இன்னா நைனா, பாதியிலயே துணி தீந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கடலாராய்ச்சியைப் பற்றி அவருக்குப் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். மாடுதான் கேட்டது.

பிடிக்கிற ஒவ்வொரு ஜந்துவையும் புட்டியில் போடுமுன் படம் வரைய வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. வரைந்து பழக வயல் நண்டுதான் கிடைத்தது. நண்டு பிடிப்பதில் என் அக்கா கெட்டிக்காரி. வளையில் கையை விட்டாள் என்றால் கொடுக்கோடு வெளியே வரும். மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். நான் வரைந்து முடிக்கும் வரை நண்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏண்டா, இதுக்கு எட்டு காலு கீது. நீ ஆறு போட்டுக்கினு கீற."

"மீதி ரெண்டு அந்தப் பக்கம் மறைஞ்சு கீதுக்கா."

"மறைஞ்சா இல்லன்னு ஆயிடுமா? நல்லா படிச்ச போ" என்று சிரிப்பாள். அந்த வருஷம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பூந்தமல்லியில் ஒரு நல்ல குடும்பத்தில் பரிசம் போட்டாகிவிட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் ஏரி வற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சித்திரை என்றால் ஏரி வேலைதான். தண்ணீர் வடிந்ததும் தூர் வாரி, அந்த மண்ணைக் கரையில் போட்டு உயர்த்த வேண்டும். நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் ஓர் ஆளைத் தர வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பினால் செல்லாது. வீட்டு மனுஷனே நிற்க வேண்டும். வராத வீட்டு மடையைக் களிமண் வைத்து அடைத்துவிடுவார்கள். அந்த வருஷம் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அடைத்ததை நான் பார்த்ததில்லை. அடைக்கும்படி எவனும் வைத்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் நைனாதான், அதாவது அப்பாதான், போவார். அந்த வருஷம் அவருக்கு யானைக்கால் காய்ச்சல். மாதத்துக்கு இரண்டு தடவை குளிர் உதறும். வலது கால் வீங்கித் தோல் பளபளவென்று இழுத்துக்கொள்ளும். சேற்றில் கால் வைக்கவே கூடாது. அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே, "நீ உன் வேலயப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

எனக்கு மூளை அதிகம் அல்லவா? நானாகவே ஒரு யுக்தி செய்தேன். பேராசிரியரிடம் போய், இந்த மாணவன் முக்கியமான காரியமாகச் செல்கிறான், ஊரார் ஒத்துழைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டேன். கீழே கல்லூரி முத்திரை. அதைப் பார்த்தால் ஊர் கை கட்டி நிற்கும் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கிருந்த திமிரைப் புட்டியில் அடைத்தால் ஒரு புட்டி போதாது.

மதகுக்குப் பக்கத்தில் அம்மன் கோவில் எதிரில் ஊர் கூடியது. ஏரி வேலையை மேற்பார்வை பார்ப்பவர் மணியக்காரர். ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வீடு வந்ததும் நைனாவைப் பார்த்து, "நீ வந்துடுவல்ல?" என்றார். நைனா, "வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான். மணியக்காரர் அடுத்த வீட்டுக்குப் போக வாயைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"எங்க நைனாவால முடியாதுங்க. அவரு காலு அப்டி கீது. நானும் ஊர்ல இருக்க மாட்டேன், சர்க்கார் காரியமா போறேன். இந்த ஒரு வருசம் எங்க ஊட்ட உட்டுடணும்." சொல்லிவிட்டுக் கடிதத்தைப் பிரித்து, முதலில் இங்கிலீஷில், கணீரென்று, முழுவதும் வாசித்தேன்.

"இன்னாடா, ஐயிரு மந்திரம் ஓதற மாதிரி ஓதறான்" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மணியக்காரர் சிரிக்கவில்லை. நைனாவைத்தான் பார்த்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

"உட்டுடறதுக்கு இது இன்னா என் அப்பன் ஊட்டு ஏரியா?" என்றார் மணியக்காரர், கோபமே இல்லாமல். "நீ ஏன்டா எழுந்த? சபையில சொல்லிட்ட. இனிமே நான் இன்னா பண்றது? ஆம்பள இல்லாத ஊட்டுக்கு இன்னா மொறையோ அதான். ரெண்டு பொம்பள வரணும். இல்லன்னா மடைய அடைக்கணும்."

எங்கள் ஊர்க் கணக்கில் பெண் அரை ஆள். இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஒரு வீட்டு ஆள். நிலக்காரக் குடும்பங்களில் அப்படிப் போனவர்கள் வெகு அபூர்வம். போனால் அதைச் சொல்லிச் சொல்லியே மாய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். ஏரி வேலையில் பிய்ந்த கூடைகளைக் கட்டிக் கொடுக்கவும், மண்வெட்டிக்குப் பிடி போடவும் ஓர் ஆள் புங்க மரத்து நிழலில் உட்கார்ந்திருப்பது வழக்கம். அந்த இடத்தில் இந்த வருஷம் அவரை உட்கார வைத்து ஓர் ஆளாகச் சேர்த்துவிடுவதென்று மணியக்காரர் மனதில் வைத்திருந்தாராம். ஊர் மொத்தத்துக்கும் தெரியுமாம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சபையில் முடியாதவர் என்று சொல்லிவிட்டால் முடியாதவர்தான். அதற்கப்புறம் அவரை நிழலில் உட்கார வைத்தால் அடுத்த வருஷம் பத்துப் பேருக்குக் கால் வீங்கும்.

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்டா. அத்த மட்டும் உங்க காலேஜுல சொல்லித் தர்லியா?" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கல்லூரியில் எத்தனை தவளைகளை அறுத்திருப்பேன்! அந்த வாயைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

"நான் போவல. நானே மண்ணு சொமக்கறேன்" என்றேன். சொன்னபோது நிஜமாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"போவாம இன்னா பண்ணுவ? ரெண்டு வருசம் படிச்சது ஏரிக்கா? நானும் அவளும் போறோம். மண்ணுதானே, துன்னுடாது." அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "சரிம்மா" என்றாள். அந்தச் "சரிம்மா"வை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அடுத்தவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருப்பது கண்முன் வந்தது, சொல்லவில்லை.

நான் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது ஏரி வேலை தொடங்கியது. விடியும்போதே இருவரும் போய்விடுவார்கள். நான் வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். புட்டிகளுக்கு நடுவில் வைக்கோல் திணித்தேன். மத்தியானம் சோறு வடிக்கிறேன் என்று பானையைத் தீய்த்தேன். சாயந்தரம் அவர்கள் வரும்போது முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருக்கும். அக்காவுக்கு உச்சந்தலையில் சும்மாடு அழுத்தித் தோல் உரிந்துவிட்டது. அம்மா எண்ணெய் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். என்னைப் பார்த்தால் மட்டும், "இன்னாடா, பொட்டி ரொம்பிச்சா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் ஒளிய இடம் தேடினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் வருஷா வருஷம், வீட்டு ஆள் கணக்கில் சேராமல், ஊர்க் கூலிக்கு மண் சுமந்த பெண்கள் இருந்தார்கள். எங்கள் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி, கோடையில் இந்தக் கூடையையும் தூக்கியவர்கள். அவர்கள் தலையைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. என் அக்கா தலையில் ஏறிய பிறகுதான் கூடைக்குக் கனம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. வெட்கக்கேடு.

பூந்தமல்லிக்காரர்களுக்கும் சேதி எட்டியது. கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் மாமியார் சாகும் வரைக்கும் "ஏரி மண்ணு சொமந்தவதானே" என்ற பேச்சை விடவில்லை. சின்னச் சண்டை வந்தாலும் அது வந்து நிற்கும்.

கிளம்புகிற அன்று காலையில் எழுந்தபோது இருவரும் போயிருந்தார்கள். புளிச்சோறு கட்டி வைத்திருந்தது. நைனா திருநீறு பூசிவிட்டு, "பத்தரம்" என்றார். அந்த எட்டு நாளில் அவர் என்னோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, படுக்கைச் சுருட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி ஏரிக்கரைமேல்தான். சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போயிருக்கலாம். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காமல் போகவும் மனம் வரவில்லை.

ஏரிக்குள் ஐம்பது அறுபது பேர். வெட்டுகிறவர்கள் கீழே, சுமப்பவர்கள் வரிசையாகச் சரிவில். அம்மா தூரத்தில் கூடை நிரம்பக் காத்து நின்றாள். என்னைப் பார்த்துவிட்டாளா என்று தெரியவில்லை. அக்கா சரியாக எனக்கு எதிரே மேடேறி வந்துவிட்டாள். தலையில் கூடை. ஈர மண் வழிந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பெட்டியைக் கீழே வைத்தேன். "குடுக்கா" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். "தொடாதடா. நீ தொட்டா அப்பால நீதான் ஆளு. முடியற வரிக்கும் நீதான் நிக்கணும்."

கீழே மணியக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "இன்னா, மாத்தறியா?" என்று குரல் கொடுத்தார். கிண்டல் இல்லை. மாற்றுகிறேன் என்று சொன்னால் அந்த நிமிஷமே அவர்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டிருப்பார். இன்னும் பதினைந்து நாள் வேலை பாக்கி. ரயிலுக்கு அரை மணி கூட இல்லை.

அக்காதான் போகச் சொன்னாள் என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என் பிள்ளைகளிடம் சொன்னேன். அவளிடமே கூட ஒருமுறை சொன்னேன், அவள் மறுக்கவில்லை. ஆனால் அவள் போகச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. தலையில் கூடையோடு நின்று, நீட்டியிருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கைகளை இறக்கிக்கொண்டேன்.