மாரியக்காவும் துலிப் மரமும்

“...பந்தல் போட்டாப்ல நிக்கிற மரம். இத வெட்ட ஒனக்குக் கை வருதாலே?”

கீழிருந்து மாரியக்கா கத்தினார். நான் ஏணியில் நின்று மரத்தின் தடியை வெட்டுக்கத்தியால் தட்டிக்கொண்டிருந்தேன். கரமனைப் பக்கம் ஒரு வீட்டு மதிலோரம் நின்ற துலிப் மரம் அது. ரோட்டுப்பக்கம் சாய்ந்த அதன் நிழலில்தான் அக்காவின் தேய்ப்பு வண்டி. நிழல் உள்ளவரை நின்றுகொள்ளலாம் என்று வீட்டுக்காரர் எப்போதோ வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மரம் போனால் இடமும் போச்சு. அந்த வீட்டுக்காரர்தான், மழை தொடங்கும் முன் வெட்டிவிடச் சொல்லி என்னை அழைத்திருந்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் துலிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உச்சியில் கொத்துக் கொத்தாகச் சிவந்து பூக்கும். மொட்டை அமுக்கினால் தண்ணீரைப் பீய்ச்சும். வெள்ளை வேட்டியில் பட்டால் கறைதான். சீக்கிரம் பருத்துவிடும், ஆனால் உள்ளே வைரம் பாயாது. கொப்பு ஒடிந்த காயத்தில் மழைநீர் இறங்கினால் நடுத்தடி உளுத்துப்போகும். அதனால் எங்கள் ஆட்கள் துலிப்பை நம்பி வடம் கட்ட மாட்டார்கள். பக்கத்து மாவிலோ பலாவிலோதான் கட்டுவோம். வெட்டுக்கத்தியின் முதுகால் தட்டினால் நல்ல தடி கெட்டியாகப் பதில் சொல்லும். இது உடுக்கை மாதிரி பேசியது.

“உள்ள பொக்குக்கா.”

“எம் புருசனத் தட்டுனாலும் அப்டித்தாம்ல கேக்கும். அதுக்காவ வெட்டியா போட்டேன்?”

சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற வீட்டுக்காரர், “வேகம் ஆகட்டே, மழை வரும்” என்று மலையாளம் கலந்து அவசரப்படுத்தினார்.

வண்டிக்கு நேர் மேலே இருந்த கொப்பை முதலில் அறுத்து, பக்கத்தில் நின்ற பலாவில் கட்டிய வடத்தில், வண்டிமேல் படாமல் மெல்ல இறக்கினேன். அறுத்த முகத்தில் ஓட்டை. அக்கா வந்து கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறைய ஈரமான கறுப்புத் தூள்.

“இதுக்குக் கீழயா நின்னேன் இத்தன வருசம்? பூவு மட்டும் கொறயில்லாமப் பூத்துதே, களவாணி.”

நான் இறங்கி வந்தேன். அக்கா என்னையே பார்த்தார்.

“மரம் விழுந்தா நாஞ் சாவேன். மரம் போச்சுன்னா எம் பொழப்பு சாவும். எத வெட்டணும், நீயே சொல்லு.”

அதுவரை மரம் என்றால் எனக்குத் தடியும் கொப்பும் விழும் திசையும்தான். இப்போது எங்கே மரம் பார்க்கப் போனாலும், தட்டும் முன்னே, நிழலில் யார் பிழைக்கிறார்கள் என்று விசாரித்துவிடுகிறேன். விசாரித்தும் வெட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனாலும் அவர்கள் வேறு இடம் பார்க்க நாலு நாள் கிடைக்கும்.

அன்று மாரியக்காவுக்கு அந்த நாலு நாளும் கிடைக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, கார் ஷெட்டின் கூரைக்கு அடியில் நிறுத்தினார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், துணி மூட்டையிலிருந்து அவருடைய சட்டையையே உருவி விரித்து, கரிப்பெட்டியை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.