சம்பந்தியோடு ஒரு விமானப் பந்தயம்

போன வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவெறும்பூரில் என் சம்பந்தி வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே நான் டெல்லியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் வந்தேன். விமானம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வியர்த்தது நிஜ வியர்வை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ரிடயர் ஆனவன். சம்பந்தி, அதாவது என் மாப்பிள்ளையின் அப்பா, ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ரிடயர் ஆனவர். எங்களுக்குள் சண்டையே கிடையாது. அதுதான் பிரச்னையே. சண்டை போட்டவர்களை யாராவது சமாதானம் செய்து வைக்கலாம். அளவுக்கு மீறி மரியாதை கொடுத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது? நான் பெண்ணைக் கொடுத்தவன். மாப்பிள்ளை வீட்டார் காக்கை வெள்ளை என்றாலும் "நல்ல வெள்ளைங்க" என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை. அவரோ, "மாப்பிள்ளை வீட்டு முறுக்கு காட்டிட்டான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்று வைராக்கியமாக இருந்தவர். ஆகவே வாசலில் "நீங்க போங்க", "இல்லைங்க, நீங்க போங்க" என்று நாங்கள் நின்றுகொண்டிருப்போம். எங்கள் இருவரின் மனைவிமாரும் உள்ளே போய், காபி குடித்து, கதை பேசி முடித்திருப்பார்கள்.

அப்போது என் மகள் பெங்களூரில் மாசமாக இருந்தாள். பிரசவத்துக்குத் திருச்சிதான் வரப்போகிறாள். ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஆஸ்பத்திரில நீங்க ரெண்டு பேரும்தான் ஓடியாடிப் பார்த்துக்கணும். அங்கேயும் போய் நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்கன்னு நின்னீங்கன்னா என் கதி என்ன ஆகறது? அதுக்குள்ள ஒழுங்கா சிநேகமாகிடுங்க."

அவள் பயம் நியாயமானதுதான். எனக்கே உள்ளூர அந்தக் கவலை இருந்தது. ஆனால் உத்தரவு போட்டா சிநேகம் வரும்?

வழி கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்தவர்கள் பல ஊர்களில் இருந்தபடி சேர்ந்து பந்தயம் நடத்துகிறார்களாம். அந்தக் காலத்து விமானம், முன்னால் காற்றாடி சுற்றுமே, அது மட்டும்தான் அனுமதி. டெல்லியில் கிளம்பி, நாக்பூரில் ஒருமுறை இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டு, திருச்சி வந்து சேரவேண்டும். வானிலை அன்றன்றைக்கு உள்ள நிஜ வானிலை. ஒரு விமானத்துக்கு இரண்டு பேர். எங்களைக் கேட்காமலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டு ஹாலில் கம்ப்யூட்டரை வைத்து, விமானம் ஓட்டவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பந்தயத்தின் சூட்சுமம் ஓட்டுவதில் இல்லை, கணக்கில் இருக்கிறது. வேகமாகப் போனால் விமானம் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். சரி, நிறைய ஊற்றிக்கொள்வோம் என்றால் கனம் ஏறி, சினைப்பசு மாதிரி அசைந்து அசைந்து போகும். குறைவாக ஊற்றினால் நடுவில் எங்காவது இறங்கவேண்டும். அதற்கு அரை மணி நேரம் தண்டனை. என்ன வேகம், எவ்வளவு பெட்ரோல் என்று இரண்டையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடவேண்டும். பெட்ரோல் அளவை அப்புறம் மாற்ற முடியாது. வேகத்தைக் குறைக்கலாம், கூட்டக்கூடாது.

வேகம் அவர் பொறுப்பு, பெட்ரோல் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்தில் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, திருவெறும்பூர் போவேன். சம்பந்தியம்மா பீட்ரூட் அல்வா கொடுப்பார். நாங்கள் கணக்குப் போடுவோம். ஒழுங்காகத்தான் போட்டோம். இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

எழுதிக் கொடுக்கவேண்டிய நாளில்தான் கூத்து. நான் நிதான வேகம் ஒன்றை மனசில் வைத்து, அதற்குத் தோதாகப் பெட்ரோல் அளவைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் தாளையே பார்த்தார். "பிரமாதங்க" என்றார். பிறகு அவர் தன் வேகத்தைச் சொன்னார். அந்த வேகத்தில் போனால் நான் சொன்ன பெட்ரோல் திருச்சிக்கு வராது, பெரம்பலூர் தாண்டினால் பெரிசு. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, அவர் வீட்டு அல்வாவைத் தின்றுகொண்டே, "தப்பு" என்று எப்படிச் சொல்வது? "ரொம்பப் பொருத்தமான வேகம்" என்றேன்.

பெட்ரோல் போதாது என்று அவருக்கும் அந்த நிமிஷமே தெரியும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணக்கு ஆபீஸ் மனிதர், ஓரமாகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார் என்று அவர் என்னை நம்பினார். இன்ஜினியர், ஆகாயத்தில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வார் என்று நான் அவரை நம்பினேன். இரண்டு பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

பந்தயத்தன்று என் மனைவியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். விடிகாலையில் டெல்லியில் ஏறினோம். நாக்பூர் வரை குறையே இல்லை. இட்லி, சட்னி, இன்ஜின் சத்தம். நாக்பூரில் எழுதிக் கொடுத்த அளவுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பியதும் எதிர்க்காற்று அடித்தது. ஹைதராபாத் நெருங்கும்போது பெட்ரோல் முள் மடமடவென்று இறங்கியது. அங்கே இறங்கி ஊற்றிக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம்தானே போகும்?

"முள்ளு கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரியுதுங்க" என்றேன்.

"ஆமாங்க. இறங்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா…"

"சேச்சே, உங்க இஷ்டம்ங்க."

"உங்க இஷ்டம்தாங்க."

ஹைதராபாத் பின்னால் போய்விட்டது. கடப்பா வந்தது, அதுவும் போனது. வேகம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் குறைக்கவே இல்லை. நான் "ரொம்பப் பொருத்தம்" என்று சொன்ன வேகத்தைக் குறைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாராம்!

பெரம்பலூர் மேலே வரும்போது சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. இனி திருச்சியை விட்டால் இறங்க இடமில்லை. கம்ப்யூட்டர் கீங் கீங் என்று கத்துகிறது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்று வடைத் தட்டை என் பக்கம் தள்ளுகிறார். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக எனக்குள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் அந்த வடையைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ்! வேகத்தைக் குறைய்யா!"

சம்பந்தியம்மா காபி டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்துவிட்டேன். மகள் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

சம்பந்தி முகம் சிவந்தது. "பெட்ரோலை ஊத்தாம கஞ்சத்தனம் பண்ணிட்டு என்னை யோவ்ங்கறியா?"

"ஊத்தினதுக்கு ஏத்த வேகம் சொல்லியிருக்கணும்ல? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்யா! தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

"நானும் அப்படித்தான் இருந்தேன்!"

கத்திக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே இன்னும் கத்தினார். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கொடுக்கிற, பாயசம் மாதிரி தித்திக்கிற காபியைக் குடித்து நாக்கு செத்துவிட்டது என்றார். பீட்ரூட் அல்வா எனக்கு ஜென்ம விரோதி என்று நான் சொன்னேன். "அப்ப இத்தனை நாளா எதுக்குத் தின்னீங்க?" என்று சம்பந்தியம்மா வாசலிலிருந்து கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லை. சமயபுரம் கோபுரம் தெரியும்போது ஒரு இன்ஜின் நின்றது. மூச்சு விடுவதற்குள் அடுத்ததும் நின்றது.

ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம். ஸ்ரீரங்கத்தையும் காவிரியையும் டவுனையும் தாண்டவேண்டும். இன்ஜின் இல்லாத விமானம் அதுவரை வராது.

"கொள்ளிடம்!" என்று என் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரைக் கத்தினேன். "மணல்ல எறக்கு! பாலத்துக்கு மேற்கே திருப்பு, அங்கதான் நீளமா மணல் கிடக்கும்!"

"எங்கய்யா பாலம்?"

"மூஞ்சிக்கு நேரா! வலது பக்கம்! வலதுய்யா!"

திருப்பினார். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இடது பக்கம் சாய்ந்து போனது. மணல் எழும்பி வந்தது. பிறகு ஒரு பெரிய குலுக்கல், புழுதி, அமைதி. விமானம் முழுசாக நின்றுகொண்டிருந்தது. ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை.

யார் முதலில் சிரித்தது என்பதில் இன்னமும் எங்களுக்குள் தகராறு இருக்கிறது. சம்பந்தியம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பந்தயம் நடத்துகிறவர்கள், "உங்கள் விமானம் எங்கே?" என்று கேட்டபோது, "என் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்துல நிறுத்தியிருக்கேன்" என்று சம்பந்தி பதில் அனுப்பினார். போட்டியை முடிக்காதவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்த்தார்கள்.

மகளுக்கு வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரும் சரமாரியாகச் சண்டை போட்டோம். யார் மருந்து வாங்கப் போவது, யார் அங்கே இருப்பது, எந்த டாக்டரிடம் என்ன கேட்பது என்று எல்லாவற்றுக்கும். எந்த வேலையும் நிற்கவில்லை. "ரெண்டு பேரும் வெளியே போய்க் கத்துங்க சார்" என்று நர்ஸ் துரத்தினார். வெளியே வந்து, டீக்கடையில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். பேத்தி பிறந்த சேதி வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான் அழுதேன்.

ரிடயர் ஆன பிறகு மனுஷனுக்குப் புதிதாகச் சிநேகிதர்கள் கிடைப்பதில்லை என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒருவர் கிடைத்தார், அதுவும் பெட்ரோல் தீர்ந்து, மரியாதையும் தீர்ந்து போன இடத்தில்.