அருவிக்கரை மெகாபோன்

குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் காவலுக்கு நின்ற அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. காக்கி உடுப்புக்கு மேல் மழைக்கோட்டு, கையில் மெகாபோன். யாருடன் பேசினாலும் பாதியில் நிமிர்ந்து அருவியின் உச்சியைப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் கலங்கினால் மேலே வெள்ளம் வருகிறது என்று பொருள்; எல்லோரையும் உடனே வெளியேற்ற வேண்டும்.

அன்று மெகாபோன் சொற்களை விழுங்கியது. “ஏட்டி, இது கொரைக்குது, பேச மாட்டேங்குது” என்றார். நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் மாணவி; என் பையில் எப்போதும் மூன்று பொருட்கள் இருக்கும்: திருப்புளி, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு ரெசிஸ்டரின் கம்பிக்கால் பலகையிலிருந்து விட்டிருந்தது. பற்றவைத்துக் கொண்டுவந்து, எது விட்டிருந்தது என்று சொல்லிக் கொடுத்தேன்.

“அந்தத் துக்கடாவுக்கு என்னட்டி வேலை?”

“நீங்க பேசாதப்பவும், சத்தத்தப் பெருசாக்குத டிரான்சிஸ்டருக்குள்ள கொஞ்சம் கரண்ட் ஓடணும்க்கா. அதக் கொடுக்கது இதுதான். இல்லன்னா, கத்துனாத்தான் அது திறக்கும். மெதுவாச் சொல்லுதது உள்ளயே நின்னுரும்.”

அவர் உச்சியைப் பார்த்தார். “அப்பம் நான் சும்மா இருக்கையிலயும் அது முழிச்சிருக்கணும். கூப்பிட்ட பொறவு எந்திரிச்சா பாதிப் பேச்சு போயிரும்லா.”

தேர்வில் அந்த ரெசிஸ்டரின் மதிப்பைக் கணக்கிட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இப்படி ஒரு விடை எனக்குத் தோன்றியதில்லை.

சற்று நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமானது. “எல்லாரும் வெளிய வாங்க” என்று கத்தாமல் சொன்னார். ஒரு சொல்லும் உடையவில்லை. பாறையை ஒட்டி நின்ற கடைசிப் பெண்ணும் திரும்பி நடந்தாள்.

இப்போதும் அந்தச் சர்க்யூட்டை வரையும்போது, அவர் நிமிர்ந்து பார்ப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.