ஒரே பஸ் தூரம்

ஜுசாரா சொன்ன பொய் ரொம்பச் சின்னது. "ஒரே பஸ்தாம்மா." அவ்வளவுதான்.

ரியோவில் வீட்டு வேலை கேட்டுப் போனால் சமைக்கத் தெரியுமா என்றா கேட்கிறார்கள்? எத்தனை பஸ் மாறி வருவாய் என்பதுதான் முதல் கேள்வி. வேலைக்காரியின் பஸ் கூலியை எஜமானிதானே கட்ட வேண்டும்! மூணு பஸ் என்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். அதனால் நோவா ஆரோரா குடியிருப்பில் பாதிப் பேர் இன்னும் ஃபிகெய்ரா குன்றின் பழைய முகவரியைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம். குன்றில் எங்கள் வீடுகளை இடித்துவிட்டு, ஊர்க்கோடியில் கொண்டுவந்து கொட்டினார்கள். சர்க்கார் கொடுத்த வீட்டைக் குறை சொல்லக்கூடாதாம். குளியலறையில் டைல்ஸ் இருக்கிறது, சரி. டைல்ஸையா தின்பது?

ஜுசாராவின் புருஷன் வால்மிர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறான். அந்தப் பொய்யைச் சொல்லிச் சேர்ந்த எலோயிசா அம்மா வீட்டு வேலையும் போனால் அடுப்பு எரியாது. மிச்ச ரெண்டு பஸ்ஸுக்கும் தன் கையிலிருந்து கொடுத்து, எட்டு மாசமாக ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் போய்வந்தாள். வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுத்திருந்தார் அந்த அம்மாள்.

அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டிரைக். நிறுத்தத்தில் ஊரே நின்றது.

"என்னடி, ஒரே பஸ் மகாராணி! இன்னைக்குப் பல்லக்கு வருமா?" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு நெய்தே.

"சும்மா இருடி, வயித்தெரிச்சலக் கிளப்பாதே!"

அப்போதுதான் போன் அடித்தது. எலோயிசா அம்மா.

"பஸ் ஓடலையாமே ஜுசாரா. பாவம், நீ என்ன செய்வே? நானே கார்ல வர்றேன். உங்க குன்றுக்குக் கீழ பேக்கரி வாசல்ல நில்லு."

"வேண்டாம்மா! நடந்தே வந்துடுறேன்மா!"

"நடக்கவா? பைத்தியமா நீ? கிளம்பிட்டேன்."

பாழாய்ப்போன நல்ல மனசு! கார் வருமுன் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்துவிட, ஆள் ஏற்றும் தனியார் வேன்களைப் பார்த்து ஓடினாள் ஜுசாரா. ஒன்றிலும் இடமில்லை. கதவைப் பிடித்துத் தொங்கியவளை இறக்கிவிட்டார்கள். கடவுளே, வழியில் அந்தக் கார் நின்றுபோகட்டும் என்று வாய்விட்டே வேண்டினாள்.

கார் நிற்கவில்லை. மறுபடி போன்.

"இங்க வீடே இல்லையே ஜுசாரா. வேலி போட்டு அடைச்சிருக்கு. போன வருஷமே எல்லாரையும் அனுப்பிட்டாங்கன்னு பேக்கரிக்காரர் சொல்றார். நீ எங்கதான் இருக்கே?"

"நோவா ஆரோராம்மா."

"அங்கேருந்து எத்தனை பஸ்?"

"மூணும்மா. ஆனா ஒரு நாளாவது லேட்டா வந்தேனாம்மா? அந்தக் காசு நான்தானேம்மா போட்டேன்? உங்ககிட்ட ஒரு பைசா..."

"காசு கிடக்கட்டும். எட்டு மாசம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கே. இனிமே வேண்டாம். சாவிய மட்டும் இன்னைக்கே கொண்டுவந்து குடுத்துடு."

போன் ஓய்ந்தது. ஒரு வேன் வந்து நின்றது.

"ஏறுறியா இல்லையாம்மா?" என்று டிரைவர் கத்தினான்.

சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஜுசாரா ஏறினாள். இறங்கி இன்னும் ரெண்டு வண்டி பிடிக்க வேண்டும்.