டிரைவர் நாச்சிமுத்து பஸ்ஸை நிறுத்திய காரணம்

போன வாரம் திருப்பூரிலிருந்து பல்லடம் போய்க்கொண்டிருந்தேன். பிரைவேட் பஸ். அதன் வேகம் உங்களுக்குத் தெரியாதா என்ன? அந்த பஸ் திடீரென்று ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றது. டீசல் போட அல்ல. டிரைவர் நாச்சிமுத்து குதித்து இறங்கி, பின்பக்கம் இருந்த கழிவறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்!

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல்.

"ஏனுங்க கண்டக்டர், இதையெல்லாம் ஸ்டாண்டுலயே முடிச்சுப்போட்டு வரமாட்டாருங்களா?" - முன் சீட்டு வேட்டிக்காரர் எகிறினார். சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறாராம். பல்லடத்தில் யாரோ ஆர்டர் தருவதாக வரச் சொல்லியிருக்கிறார்களாம். அமெரிக்காவில் எவனோ பேங்க்கை மூட, இங்கே ஏற்றுமதி ஆர்டர் நின்று தையல் மெஷின்கள் சும்மா கிடக்கிற காலம்... அவர் அவசரம் அவருக்கு.

"சுகரா இருக்குமுங்க" என்றார் ஒருவர்.

"இல்லீங்க, கல்லு. வாழத்தண்டு ஜூஸ் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார் இன்னொருவர். நம்மூரில் டாக்டர்களுக்கா பஞ்சம்?

நாச்சிமுத்து திரும்பி வந்தார். சீட்டில் உட்காராமல் எங்களைப் பார்த்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. சுகரும் இல்லீங்க, கல்லும் இல்லீங்க. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. மனசுல ஒரு பயமுங்க. அதுக்குத்தான் வைத்தியம் பார்த்துட்டிருக்கேன். இப்பத் தேவலைங்க. என்னைக்காச்சும் இப்படி முட்டிக்கிட்டு வந்துருது."

"பயந்த ஆளு கையில ஸ்டீயரிங்கா? உங்க ஓனர்கிட்டயே பேசிக்கறேன்" என்றார் வேட்டிக்காரர்.

"ஓனர்கிட்ட மொதல்ல சொன்னதே நானுங்க. டாக்டர் சரின்னு சொன்ன பொறகுதான் ஸ்டீயரிங்கத் தொட்டேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு மனுஷனை விட மனசில்லை. பல்லடத்தில் இறங்கியதும் டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு மழை நாளில், ஒரு வளைவில், இவர் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் பைக்கோடு சறுக்கி விழுந்திருக்கிறான். இவர் அடித்த பிரேக்கில், சக்கரம் அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறது.

"அவன் எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுப் போயிட்டானுங்க. நான்தான் இன்னும் அங்கயே நிக்கறேன்."

அன்றிலிருந்து அந்த வளைவு வந்தாலே அடிவயிறு முட்டுமாம். பிறகு எல்லா ஸ்டாப்பிலும். பிறகு வீட்டிலும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்! மூத்திர எரிச்சலும் வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

டெஸ்ட் ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்த டாக்டர், கடைசியில் கேட்டாராம்: "ராத்திரி தூங்கறீங்களா?"

"அந்த ஒரு கேள்விக்கு அழுதுட்டேனுங்க" என்றார் நாச்சிமுத்து. பயமும் பதற்றமும் மூத்திரப்பையையும் ஆட்டிவைக்கும், அதற்கும் மருந்து உண்டு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

நம் ஆண்கள் இருக்கிறோமே... சுகர் என்றால் பெருமையாகச் சொல்வோம். கிட்னியில் கல் என்றால், எத்தனை எம்.எம். என்று டீக்கடையில் போட்டியே நடக்கும். மனசு சரியில்லை என்று மட்டும் வாய் வராது. இவரோ, வேலை போனாலும் போகட்டும் என்று ஓனரிடமும் சொல்லியிருக்கிறார், ஒரு பஸ் கூட்டத்துக்கு முன்னாலும் சொல்கிறார். எனக்கு அந்தத் தைரியம் வராது சாமி!

டீ வந்தது. கூடவே வேட்டிக்காரரும் வந்தார். போச்சுடா, ஓனர் நம்பர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"ஏனுங்க டிரைவர்... அந்த டாக்டரு ஞாயித்துக்கிழமை இருப்பாருங்களா? ஆர்டர் நின்னதுல இருந்து எனக்கும் இதே ரோதனைங்க. ஊட்டுல கூடச் சொல்லல."

நாச்சிமுத்து தன் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இருப்பாருங்க. மொத தடவ தனியாப் போனா வாசல்லயே திரும்பி வரத் தோணும். எனக்கு அன்னைக்கு லீவுதான், நானே கூட்டிட்டுப் போறேன்."

இப்படித் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தால், நம் ஆண்கள் எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பார்கள்!