கூப்பிட்டால் வராத பஞ்சு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். காலையில் வாசலில் நின்று பால்காரரிடம் ஒரு பாக்கெட் கூடுதலாகக் கேட்டாள் என்றால், இன்றைக்கு அவள் வீட்டுக்கு விருந்தாளி வருகிற சேதி அடுத்த தெரு வரைக்கும் போய்விடும். "ஒரு ரகசியம் சொல்றேன்" என்று அவள் ஆரம்பித்தால், எதிர்வீட்டுக்காரி டிவியை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறி மில்லில் வேலை. அந்தத் தறிக்கூடத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றாலே நமக்கெல்லாம் தலை கிறுகிறுத்துவிடும். அவளோ அதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். காது பாதிக்கு மேல் போய்விட்டது. தன் குரல் தனக்குக் கேட்டால்தானே பேசிய மாதிரி இருக்கும் என்று, தனக்குக் கேட்கிற அளவுக்குப் பேசுவாள். அது ஊருக்கே கேட்கிற அளவாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கணவர் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். "அமைதி காக்கவும்" என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே அவர் நாற்காலி. மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் ஒருநாள் அங்கே போனதில், படித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் எதையும் மறந்துவைத்துவிட்டுப் போனதே கிடையாது.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து சேர்ந்ததுதான் பஞ்சு.

மில் வளாகத்தில் பிறந்த நாய்க்குட்டி அது. கழிவுப் பஞ்சு போட்டுவைக்கிற அறைதான் அதற்கு வீடு. உடம்பெல்லாம் நூல்தூசி ஒட்டி, எது ரோமம் எது பஞ்சு என்று தெரியாமல் திரியும். ஒருநாள் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லி, வளாகத்தில் இருந்த நாய்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே துரத்திவிட்டார்கள். வேலை முடிந்து வந்த மைக்செட், வண்டிகள் பறக்கிற சாலையோரத்தில் அது ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போடுகிற மேல்சட்டையைக் கழற்றி, அதில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே பஞ்சு ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தது. அடுப்பில் பால் பொங்கினால் ஓடிவந்து அவள் துணி முனையைக் கவ்வி இழுக்கும். வாசலில் யாராவது கதவைத் தட்டினால் இழுக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலும் இழுக்கும். ஒருநாள் அடுப்பு தானாக அணைந்து, காஸ் சீறிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சளி பிடித்திருந்ததால் வாசனையும் தெரியவில்லை. பஞ்சு வந்து அவளை விடாமல் இழுத்துக்கொண்டு போய் அடுப்பின் முன்னால் நிறுத்தியது. அன்றைக்கு அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதது, வழக்கம்போல, தெருவுக்கே கேட்டது.

"எனக்குப் போன காதைக் கடவுள் நாலு காலோட திருப்பிக் குடுத்திருக்கார்ங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இவ்வளவு அருமையான நாய்க்கு ஒரே ஒரு குணம்தான் சரியில்லை. வெளியே போனால், கூப்பிட்டால் வராது.

சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டால் நேராக எதிர்ப்பக்கத்துக் காலி இடத்துக்குப் போகும். அங்கே லாரிகள் நிற்கும். ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துவிடும். மைக்செட் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, "பஞ்சூ! வா உள்ளே!" என்று ஒரு குரல் கொடுப்பாள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் பாதிப் பேர் பயந்துபோய் அவரவர் வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அடுத்த வீட்டு நாய் வந்து அவள் காலடியில் நிற்கும். பஞ்சு மட்டும் லாரிக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து படுக்கும்.

கணவர் நூலகத்திலிருந்து நாய் வளர்ப்பைப் பற்றிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். காகிதத்தில் இருப்பதை மட்டும் கொஞ்சம் உரக்கப் படிப்பார், அவளுக்காக.

"அன்பான, உறுதியான குரல்ல கூப்பிடணும்னு போட்டிருக்கும்மா."

"உறுதியாத்தானே கூப்பிடறேன்!"

"உறுதி சரி. அன்பு?"

"அன்பு இல்லாமயா தொண்டை கிழியக் கத்தறேன்?"

அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். 

பிஸ்கட்டைக் காட்டிப் பார்த்தார்கள். பஞ்சு தூரத்திலிருந்தே மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கயிற்றில் கட்டிப் பார்த்தார்கள். கயிறு துண்டாகிக் கிடந்தது. கடைசியில் தினமும் மைக்செட்டே லாரிக்கடியில் தவழ்ந்துபோய், கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். மண்ணும் கிரீஸுமாக அவள் சாலையைக் கடந்து வருகிற கோலத்தைப் பார்க்கவே எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து நிற்பாள்.

இப்படியே போயிருந்தால் பாதகமில்லை. ஒரு சாயங்காலம் லாரிக்காரர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். வருஷக்கணக்காக அங்கே வண்டி நிறுத்துகிறவர்.

"அக்கா, நான் எப்பவும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன். எனக்கு இனிமே வேற ரூட்டு. நாளையிலேருந்து புதுப் பையன் ஒருத்தன் வர்றான். நான் சொல்லித்தான் வச்சிருக்கேன். ஆனா அவன் அவசரக்காரன். இத எப்படியாவது கூப்பிட்டா வர்ற மாதிரி பழக்கிடுங்க."

அன்றிலிருந்து மைக்செட்டுக்குச் சோறு இறங்கவில்லை.  கதவைப் பூட்டி உள்ளேயே வைத்துப் பார்த்தாள். பஞ்சு சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பால் பொங்கியபோதும் எழுந்து வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் திறந்துவிட்டாள். திறந்துவிட்டாளே தவிர, அடுத்த நிமிஷத்திலிருந்து வாசலில் நின்று கத்தினாள். கத்திக் கத்தி, மறுபடி பிடித்த சளியும் சேர்ந்துகொள்ள, ஒருநாள் காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

டாக்டர் தொண்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு மூச்சுக்கூட மெதுவா விடுங்கம்மா. ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

தெருவே வெலவெலத்துப் போய்விட்டது. சத்தம் இல்லையே, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா என்று ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கணவர் முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார். மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டுகூட இருந்தார். மறுநாளே அவர் முகம் தொங்கிவிட்டது. "ஏதாவது திட்டேன், உதடாவது அசையட்டும்" என்று கெஞ்சினார்.

அன்று சாயங்காலம் அவர் நூலகத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. மைக்செட் அடுப்படியில் இருந்தாள். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் பஞ்சைக் காணோம். வாசலுக்கு ஓடினாள். சாலைக்கு அந்தப் பக்கம், லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வால் தெரிந்தது. அதே நேரத்தில் புதுப் பையன் காதில் போனை வைத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தாள். வெறும் காற்று. சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே இறங்கப் பார்த்தாள். பஸ் ஒன்று உரசுவது போலப் போனது. உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. மில்காரிக்குக் காது போனாலும் கால் கேட்கும். லாரி கிளம்பிவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

அப்போது அவள் கை தானாக மேலே போனது.

தறிக்கூடத்துக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் பிரயோஜனமில்லை. நூல் அறுந்துபோச்சு, தறியை நிறுத்து, மேஸ்திரி வர்றார், டீக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் கைதான். யாரையாவது உடனே கூப்பிட வேண்டுமென்றால், கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி, விரல்களை விரித்து, அப்படியே முஷ்டியாக மூடி நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இங்கே வா என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்தச் சைகையை மில் கேட்டுக்கு வெளியே அவள் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. யாரும் செய்வதில்லை. வெளியே வரும்போது தலையிலிருந்து பஞ்சைத் தட்டிவிடுகிற மாதிரி அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டில் கையை ஆட்டிப் பேசினால் பைத்தியம் என்பார்களே என்று வெட்கம்.

இப்போது வெட்கமாவது ஒன்றாவது. கையை உயர்த்தினாள், விரித்தாள், மூடி இழுத்தாள்.

பஞ்சு தலையைத் தூக்கியது. காது இரண்டும் நிமிர்ந்தன. லாரிக்கடியிலிருந்து வயிறு தரையில் உரச வெளியே வந்தது. அது வெளியே வந்த இடத்தின் மேலேயே பின்சக்கரம் உருண்டு போனது. மைக்செட் உள்ளங்கையை நீட்டி, நில் என்று காட்டினாள். சாலையோரத்தில் நின்றது. வண்டிகள் ஓய்ந்ததும் மறுபடி இழுத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தது. அவள் அதைத் தொடவில்லை. அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வீட்டுக்குள் போய் மறுபடி கையைக் காட்டினாள். பஞ்சு வாசற்படி தாண்டி உள்ளே வந்து, அடுப்படியில் அவள் காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அவளும் பக்கத்திலேயே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இந்த நாய் கண் திறந்த நாளிலிருந்து பார்த்ததெல்லாம் கைகளைத்தான். தறிகளையும் மீறி அந்த மில்லில் ஒரு மனுஷக் குரல் கேட்கிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ அடிபட்டுவிட்டது, ஓடு, ஒளிந்துகொள். வீட்டுக்குள் அவள் பேச்சு அதற்குப் பழகிவிட்டது; வண்டி இரைச்சலை மீறி அவள் கத்தும்போதுதான் மில் ஞாபகம் வந்திருக்கும். பாவம், இத்தனை நாளும் அவள் கத்தக் கத்த அது ஒளிந்துகொண்டிருக்கிறது. பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. அதன் பாஷை தெரிந்த ஒருத்தி வாசலிலேயே நின்றுகொண்டு வேறு பாஷையில் அலறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணவர் வந்ததும் கையாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. இருந்தாலும் எழுந்து நின்று, கூச்சத்தோடு கையை உயர்த்தி, முஷ்டியை நெஞ்சுக்கு இழுத்துப் பார்த்தார். பஞ்சு எழுந்து அவரிடம் போனது. "அட, எங்கிட்டயும் வருதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

ராத்திரி படுத்தவளுக்கு ஒரே யோசனை. சும்மா வளாகத்தில் கிடந்த குட்டிக்கு இந்தச் சைகை எப்படிப் படிந்தது? யாரோ பொறுமையாக, நாள் தவறாமல், இதை இப்படிக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்க வேண்டும். காஸ் கசிந்த அன்றைக்குத் தன்னைக் காப்பாற்றிய உயிரை, இன்றைக்கு முகம் தெரியாத யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த யாரோவைக் கண்டுபிடிக்காமல் இருப்பது நன்றிகெட்டத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் தறிக்கூடத்தில் தறி தறியாகப் போய்க் கையால் விசாரித்தாள். குட்டி நாய், வெள்ளை, சோறு போட்டது யார்? எல்லாக் கைகளும் ஒரே பக்கம் காட்டின. கழிவுப் பஞ்சு அறை. அங்கே கூட்டிப் பெருக்குகிற நெட்டை.

நெட்டை குனிந்து பஞ்சை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போயிருந்த சமயத்தில்தான் நாய்களைத் துரத்தினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அறை காலி. செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டாள். கூட்டுகிறவள் ஒரு நாயைக் காணோம் என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

மைக்செட் கையால் சொன்னாள்: வெள்ளைக் குட்டி, என் வீட்டில், தூங்குகிறது. நேற்று லாரி. நீ சொல்லிக்கொடுத்தது. வந்துவிட்டது.

நெட்டையின் கையிலிருந்த கயிறு நழுவியது. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். தூங்குகிறதா? தூங்குகிறது. கொழுத்திருக்கிறதா? கன்னத்தை உப்பிக் காட்டினாள் மைக்செட். நெட்டை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மைக்செட் ஒரு நிமிஷம் திணறிப் போனாள். நூலுக்கு, தறிக்கு, டீக்கு, மேஸ்திரிக்கு, எல்லாவற்றுக்கும் சைகை இருக்கிற அந்த மில்லில், நன்றி என்பதற்கு ஒரு சைகை கிடையாது. யாருக்கும் இதுவரை தேவைப்பட்டதில்லை போலிருக்கிறது. தொண்டையைத் திறந்து சொல்லிப் பார்த்தாள். காற்று வந்தது. வந்திருந்தாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது?

நெட்டையின் இரண்டு கைகளையும் பிடித்தாள். தூசியும் நூலும் ஒட்டியிருந்த அந்த உள்ளங்கைகளைத் தூக்கி, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.